விருந்து முடிந்த பின்

மணவீட்டைப் பற்றி எழுதப் புகுந்தவர்கள் எல்லாரும் விருந்தோடு நின்றுவிடுகிறார்கள். நிக்காஹ் எங்கே நடந்தது, மஹர் எவ்வளவு, எத்தனை ஆடு அறுத்தார்கள், எத்தனை பேர் உண்டார்கள் என்பனவெல்லாம் ஏட்டில் ஏறுகின்றன. கடைசிப் பந்தி எழுந்த பிறகு அந்த வீட்டு முற்றத்தில் என்ன நடந்தது என்று கேட்பார் இல்லை. அப்படி ஒரு கேள்வி உண்டு என்பதே நமக்கும் ஐம்பது வயது கடக்கும்வரை தோன்றியதில்லை. அதைத் தோற்றுவித்தவர் நம்முடைய லாத்தா.

லாத்தாவின் மகளுக்குத் திருமணம். மச்சான் சிறு கடை வைத்துப் பிழைப்பவர். சமையலையும் பரிமாறலையும் மொத்தமாக எடுத்துச் செய்பவர்கள் கேட்ட தொகை அவருடைய கைக்கு எட்டவில்லை. ஆகவே வீட்டார் நாமே செய்துகொள்வது என்று முடிவாயிற்று. சோறாக்க மட்டும் ஒரு பண்டாரியை வைத்துக்கொண்டோம். வெங்காயம் உரித்தது, இறைச்சி கழுவியது, பாய் விரித்தது, சஹன் சுமந்தது எல்லாம் சொந்தமும் தெருவும் சேர்ந்து செய்தவை. பாத்திரங்களை ஜமாஅத்தில் எண்ணி வாங்கி வந்தோம். அல்ஹம்துலில்லாஹ், விருந்து குறைவின்றி முடிந்தது. அஸருக்குள் கடைசிப் பந்தி எழுந்தது. மஃரிபுக்குள் மணமக்களும் புறப்பட்டார்கள். சுமந்த வாலிபர்கள் களைத்துப் போய் ஆளுக்கொரு திண்ணையில் சாய்ந்துவிட்டார்கள்.

இஷாத் தொழுதுவிட்டு வந்து கொல்லைப்புறம் எட்டிப் பார்த்தோம். குன்றுபோல் சஹன்கள். அடிப்பிடித்த மூன்று தேக்சாக்கள். எலும்பும் சோறும் கலந்து கிடந்த கூடைகள். அவற்றுக்கு நடுவே குந்தியிருந்து, சாம்பலும் தேங்காய் நாருமாகச் சட்டி துலக்கிக்கொண்டிருந்தார் மணப்பெண்ணின் தாய். பக்கத்தில் கூலிக்கு வந்த ஒரு மூதாட்டி. இருவரும் அதுவரை உண்ணவில்லை என்பது பின்னரே தெரிந்தது. "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாமே, லாத்தா" என்றோம். அவர் தலை நிமிராமலேயே சொன்னார்: "தம்பி, சோறு தின்னவங்க பேரெல்லாம் கிதாபுல இருக்கு. சட்டி கழுவினவங்க பேரு எங்கேயாச்சும் இருக்கா?"

முப்பது ஆண்டுகளாகக் கிதாபு ஓதிக்கொடுக்கும் நமக்கு அந்த இரவு மறுமொழி வரவில்லை. பின்னர் நிதானமாகத் தேடினோம். கண்டவற்றை வாசக அன்பர்களின் முன் வைக்கிறோம்.

இஸ்லாமிய வரலாற்றில் வீட்டார் தாமே கூடிச் செய்த மணவிருந்துக்கு முதன்மையான சான்று அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களின் வலீமாவாகும். ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு, கி.பி. 628இல், கைபரிலிருந்து மதீனா திரும்பும் வழியில் அது நடந்தது. அடுப்பும் இல்லை, பந்தலும் இல்லை, படையோ பயணத்தில் இருந்தது. தம்மிடம் உள்ளதைக் கொண்டு வருமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களிடம் கூற, ஒருவர் பேரீச்சம்பழம் கொண்டு வந்தார்; ஒருவர் நெய் கொண்டு வந்தார்; இன்னொருவர் உலர்ந்த பாற்கட்டியோ வறுத்த மாவோ கொண்டு வந்தார். எல்லாம் சேர்த்துப் பிசைந்தபோது 'ஹைஸ்' என்னும் உணவாயிற்று. அதில் ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை என்று அனஸ் (ரலி) அவர்கள் எடுத்துச் சொல்கிறார்கள்.

இவ்விருந்துக்குப் பாத்திரம் எது? முஸ்லிம் தொகுப்பில் உள்ள ஓர் அறிவிப்பு, தரையைச் சற்றே குழிவாகப் பறித்து அதில் தோல் விரிப்புகளை இட்டார்கள் என்கிறது. அந்தத் தோலின் மேல்தான் உணவு. பக்கத்தில் தேங்கியிருந்த மழைநீரே பருகு நீர். இப்படிப்பட்ட விருந்து முடிந்தபின் செய்ய வேண்டிய வேலை எவ்வளவு இருந்திருக்கும்? தோலை உதறிச் சுருட்டினால் விருந்துமண்டபமே ஒட்டகத்தின் மேல் ஏறிவிடும். பலரும் கொணர்ந்த பொருளாதலால் அது ஒருவர் தலையில் விழுந்த செலவாக இல்லை. விருந்துக்குப் பிந்திய சுமையும் ஒருவர் தோளில் விழவில்லை. பெருமானாரின் மணவிருந்து இவ்வளவு எளிதாக நடந்தது வறுமையால் மட்டுமன்று. உள்ளதைக் கொண்டு நடத்துவது, உள்ளவர் எல்லாரும் கை கொடுப்பது என்னும் முறை அங்கே நிலவிற்று.

இனி, அதற்கு முந்திய அன்னை ஸைனப் (ரலி) அவர்களின் வலீமாவைப் பார்ப்போம். அது ஹிஜ்ரி 5ஆம் ஆண்டில் மதீனாவில் நடந்தது. அன்று ஆடு அறுக்கப்பட்டது. ரொட்டியும் இறைச்சியும் வழங்கப்பட்டன. அனஸ் (ரலி) அவர்களின் தாயார் உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள், தம் பங்காக ஒரு பாத்திரத்தில் ஹைஸ் செய்து மகனிடம் கொடுத்தனுப்பினார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் அனஸை அனுப்பி, இன்னார் இன்னாரையும் வழியில் காண்பவரையும் அழைத்துவரச் செய்தார்கள். வந்தவர்கள் ஏறத்தாழ முந்நூறு பேர். அறையும் திண்ணையும் நிரம்பின. பத்துப் பத்துப் பேராக வட்டமிட்டு அமர்ந்து, அல்லாஹ்வின் பெயர் கூறி, அவரவர் தமக்கு அருகில் உள்ளதை உண்ண வேண்டும் என்று கட்டளையாயிற்று. ஒரு கூட்டம் எழ மறு கூட்டம் அமர்ந்து எல்லாரும் உண்டு முடித்தார்கள். அப்போது பெருமானார் (ஸல்) அவர்கள் அனஸை நோக்கிப் பாத்திரத்தை எடுக்கச் சொன்னார்கள். அனஸ் எடுத்தார். வைத்தபோது கூடுதலாக இருந்ததா, எடுத்தபோது கூடுதலாக இருந்ததா என்று தமக்குத் தெரியவில்லை என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

இந்த நிகழ்ச்சியை நாம் பல ஆண்டுகளாக பரக்கத்துக்குச் சான்றாகவே ஓதிக்கொடுத்து வந்திருக்கிறோம். அது சரியே. ஆனால் லாத்தாவின் கேள்விக்குப் பிறகு அதே வரிகளில் வேறொன்றும் கண்ணில் பட்டது. அந்தப் பாத்திரத்தைக் கொண்டு வந்து வைத்தவரும், கடைசியில் எடுத்துச் சென்றவரும் ஒருவரே. வைக்கும்போதும் எடுக்கும்போதும் அதன் கனத்தைக் கையால் அறிந்தவர் அவர் ஒருவர்தாம். உண்டு எழுந்த முந்நூறு பேருக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை. வலீமாவின் அற்புதத்துக்குச் சாட்சியாக நின்றவர், பந்தி கலைந்தபின் பாத்திரம் எடுத்த பிள்ளையே.

ஹிஜ்ரத்தின்போது பத்து வயதுச் சிறுவர் அனஸ். அப்படியானால் அன்று அவருக்குப் பதினைந்து வயது இருக்கும்.

அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. உண்டு முடித்தவர்கள் எழுந்து போனார்கள். சிலர் மட்டும் பேசிக்கொண்டே இருந்துவிட்டார்கள். வீடோ சிறியது. மணப்பெண் சுவரை நோக்கியவாறு அமர்ந்திருக்கிறார். பெருமானார் (ஸல்) அவர்கள் எழுந்திருங்கள் என்று சொல்ல நாணி, தாமே வெளியே சென்று மற்ற அன்னையரின் அறைகளுக்குப் போய் ஸலாம் உரைத்துத் திரும்பினார்கள். அப்போதும் அவர்கள் எழவில்லை. இந்தச் சூழலில்தான் அல்-அஹ்ஸாப் அத்தியாயத்தின் 53ஆம் வசனம் இறங்கியது. உண்டு முடித்ததும் கலைந்து செல்ல வேண்டும், பேச்சில் ஆழ்ந்து அங்கேயே இருந்துவிடலாகாது, அது நபிக்குத் துன்பம் தருகிறது, அதைச் சொல்ல அவர் வெட்கப்படுகிறார் என்னும் கருத்து அதில் உண்டு. ஹிஜாபின் சட்டத்தைப் பேசும் வசனம் என்றே இதை நாம் அறிவோம். விருந்து முடிந்த வீட்டாரின் சங்கடத்தையும் அது பேசுகிறது என்பதை மறந்துவிடுகிறோம். வீட்டைத் துப்புரவு செய்து கதவடைக்கக் காத்திருப்பவரின் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. விருந்தாளி அதை உணர வேண்டும்.

இந்த வசனம் இறங்கிய விவரத்தை மற்ற எல்லாரையும்விட நன்கறிந்தவர் தாமே என்று அனஸ் (ரலி) அவர்கள் கூறுவார்கள். குர்ஆன் ஓதுவதில் தலைசிறந்த உபை இப்னு கஅப் (ரலி) அவர்களே அதைப் பற்றித் தம்மிடம் கேட்பது வழக்கம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். மூத்த அறிஞர் ஒருவர், பாத்திரம் எடுத்த இளைஞரிடம் வந்து கேட்கிறார்! விருந்தின் முழு வரலாறும் பணி செய்தவரிடம் இருந்தது என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

அடுத்தது அபூ உஸைத் ஸாஇதீ (ரலி) அவர்களின் மணவிருந்து. இதை அறிவிப்பவர் ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி). பெருமானாரும் தோழர்களும் அழைக்கப்பட்டிருந்தார்கள். அன்று சமைத்தவரும் பரிமாறியவரும் வேறு யாருமல்லர். மணப்பெண்ணாகிய உம்மு உஸைத் (ரலி) அவர்களே. முந்திய இரவே கற்பாத்திரம் ஒன்றில் பேரீச்சம்பழங்களை ஊறவைத்து, விருந்து முடிந்ததும் அவற்றைக் கரைத்துப் பெருமானாருக்குப் பருகத் தந்தார்கள். இமாம் புகாரீ இதற்காகத் தம் நூலில் தனித் தலைப்பே இட்டிருக்கிறார்கள். சட்டத்தைத் தேடுவார்க்கு அதில் சட்டம் உண்டு. நமக்கோ அந்தக் கற்பாத்திரம் முக்கியமாகப் படுகிறது. நூற்றாண்டுகளைத் தாண்டி, ஒரு புதுமணப் பெண்ணின் சமையற்கட்டுப் பாத்திரம் இன்ன பொருளால் ஆனது என்பதுவரை பேணி வைக்கப்பட்டிருக்கிறது. லாத்தா கேட்டதற்குப் பாதி விடை இங்கேயே கிடைத்துவிட்டது.

உணவுக்குப் பின் என்ன என்பதையும் நம் முன்னோர் விட்டுவிடவில்லை. கீழே விழுந்த கவளத்தை எடுத்துத் தூசு நீக்கி உண்ண வேண்டும். தட்டை வழித்து உண்ண வேண்டும். உணவின் எப்பகுதியில் பரக்கத் உள்ளது என்பதை நாம் அறியோம் என்பது ஜாபிர் (ரலி) போன்றோர் அறிவித்த நபிமொழிகளின் கருத்து. இது உண்பவனின் ஒழுக்கம் மட்டுமன்று. வழித்த தட்டைக் கழுவுவது எளிது. எறிந்த சோற்றை வாருவதுதான் கடினம். தட்டை வழிப்பவன், அதைக் கழுவுபவரின் கைக்கு உதவுகிறான்.

கி.பி. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலீ, தம் 'இஹ்யா'வில் உண்ணும் ஒழுங்குகளுக்கென்று ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார்கள். உணவுக்குப் பின் கை கழுவும் தஸ்த்தும் இப்ரீக்கும் அங்கே விரிவாகப் பேசப்படுகின்றன. நம் வீடுகளில் படிக்கமும் கெண்டியும் என்போமே, அவைதாம். அன்று வழலைக் கட்டிக்குப் பதில் 'உஷ்னான்' என்னும் உவர்ச்செடியைப் பயன்படுத்தினார்கள். ஒருவர் கழுவிய நீரை உடனே கொண்டுபோய்க் கொட்டாமல், எல்லாரும் கழுவித் தஸ்த்து நிறைந்தபின்னரே எடுக்க வேண்டும் என்று கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் ஊர்களுக்கு எழுதியதாகவும் அங்கே காண்கிறோம். ஒருவர் கழுவிய நீரை மற்றவர் அருவருத்து ஒதுக்கலாகாது என்னும் பணிவு அதில் உண்டு. தஸ்த்தைச் சுமப்பவரின் கால்களுக்கு ஓய்வும் உண்டு என்று நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

விருந்தாளியின் கைக்கு வீட்டுக்காரரே நீர் ஊற்றுவது சிறப்பு என்பதற்கு இமாம் கஸ்ஸாலீ இரண்டு நிகழ்ச்சிகளைத் தருகிறார்கள். இமாம் ஷாஃபிஈ இளைஞராக மதீனா சென்றபோது, அவர்களுடைய கைக்கு இமாம் மாலிக் அவர்களே நீர் ஊற்றினார்கள். இதைக் கண்டு கலங்க வேண்டாம், விருந்தாளிக்குப் பணி செய்வது கடமை என்னும் பொருள்பட ஆறுதலும் கூறினார்கள். மற்றது, கலீஃபா ஹாரூன் ரஷீத் விருந்தளித்தபோது நடந்தது. விருந்தாளி, கூஃபா நகரத்து அறிஞர் அபூ முஆவியா, கண்பார்வை அற்றவர். உண்டபின் யாரோ கைக்கு நீர் ஊற்றினார். ஊற்றியவர் யாரென்று தெரியுமா என்று ஹாரூன் கேட்டார். தெரியாது என்றார் அறிஞர். தாமே ஊற்றியதாகவும், கல்வியைக் கண்ணியப்படுத்தவே அவ்வாறு செய்ததாகவும் கலீஃபா கூறினார். பேரரசின் தலைவர் ஒருவர் எச்சில் கைக்கு நீர் ஊற்றியதை, அதைப் பார்க்க இயலாத ஒருவரே உலகுக்கு அறிவித்தார்.

அந்த ஹாரூனின் மகன் மஃமூன். அவருடைய திருமணம் அரபு வரலாற்றில் மிகப் பெரிய மணவிழாக்களுள் ஒன்று. ஹிஜ்ரி 210 ரமளானில், கி.பி. 825ஆம் ஆண்டின் இறுதியை ஒட்டி, வாஸித் நகருக்கு அருகிலுள்ள ஃபமுஸ் ஸில்ஹ் என்னும் ஊரில், ஹஸன் இப்னு ஸஹ்லின் மகள் பூரானோடு நடந்தது. அம்பர் மெழுகுவர்த்தி பொற்றட்டில் ஏற்றப்பட்டதையும், அது வீண்விரயம் என்று மஃமூனே முகம் சுளித்ததையும் தபரீ எழுதுகிறார். நிலங்களின் பெயரும் குதிரைகளின் பெயரும் எழுதிய சீட்டுகளைக் கஸ்தூரி உருண்டைகளுக்குள் வைத்து வீசினார்கள். கையில் அகப்பட்டவருக்கு அது சொந்தம். விறகு சுமக்க மட்டும் நூற்று நாற்பது கோவேறு கழுதைகள் ஓராண்டுக் காலம் நாளொன்றுக்கு மும்முறை நடந்ததாகவும், அதுவும் போதாமல் ஈச்ச மட்டைகளை எண்ணெயில் தோய்த்து எரித்ததாகவும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

விருந்துக்குப் பின் நடந்த ஒரு கணக்கெடுப்பும் அங்கே பதிவாகியுள்ளது. மணமகளின் பாட்டி பொற்றட்டிலிருந்து ஆயிரம் முத்துகளை மணமக்கள் மேல் சொரிந்தார். மஃமூன் அவற்றைப் பொறுக்கி எண்ணச் சொன்னார். பத்துக் குறைந்தது. எடுத்தவர் திருப்பித் தர வேண்டும் என்று ஆணையாயிற்று. எடுப்பதற்காகத்தானே சொரிந்தீர்கள் என்று எடுத்தவர் வாதாடினார். அவருக்கு ஈடு தருவதாகச் சொல்லி, முத்துகளை வாங்கி மணமகளின் மடியில் சேர்த்தார் மஃமூன்.

முத்துகளை எண்ணினார்கள், பத்துக் குறைந்ததையும் கண்டுபிடித்தார்கள். அத்தனை விறகும் எரிந்த அடுப்புகளின் சாம்பலை வாரியவர் யார், அத்தனை பேர் உண்ட தட்டுகளைத் துலக்கியவர் யார் என்று எண்ண எவருக்கும் தோன்றவில்லை. அந்த விருந்தின் வரலாறு, சொரிந்ததைப் பிடித்தவர்களின் பக்கத்திலிருந்து எழுதப்பட்டது. மதீனாவின் விருந்து வரலாறோ, பாத்திரத்தை எடுத்தவரின் வாயிலிருந்து வந்தது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு செல்வத்தின் அளவில் மட்டும் இல்லை. யாருடைய சொல்லுக்குச் செவி சாய்த்தார்கள் என்பதிலும் இருக்கிறது.

நம் ஊர்களின் பழைய வழக்கம் மதீனாவுக்கே நெருக்கமானது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஒரே சஹனைச் சுற்றிச் சிலர் அமர்ந்து உண்பது தொன்றுதொட்ட முறை. ஒருவர் மிச்சம் வைத்தால் அடுத்தவர் உண்டுவிடுவார். எச்சில் என்ற சொல்லுக்கே அங்கே இடமில்லை. கழுவ வேண்டிய தட்டும் குறைவு. விருந்துக்குப் பிந்திய வேலைகளுக்கும் ஒழுங்கு இருந்தது. மீந்த சோறு பொழுது சாய்வதற்குள் வீடு வீடாகப் போய்விடும். அடிப்பிடித்த தேக்சாவில் நீர் ஊற்றி, தணலின் மேல் மறுபடி ஏற்றி ஊறவிடுவார்கள். ஈயம் பூசிய செம்புப் பாத்திரத்தை மணல் போட்டுத் தேய்க்க விடமாட்டார்கள், ஈயம் போய்விடும் என்று. ஈயம் தேய்ந்த செம்பில் புளிப்புள்ள ஆணத்தை இரவு முழுதும் வைத்தால் களிம்பேறி நஞ்சாகும் என்பதால், முதலில் காலி செய்யப்படுவது ஆணச் சட்டியே. ஜமாஅத்துப் பாத்திரம் வாங்கியபடியே எண்ணித் திருப்பப்படும். ஓர் அகப்பை குறைந்தாலும் வீட்டுக்காரருக்கு உறக்கம் வராது.

இன்று ஒரு பகுதி மாறிவிட்டது. பணம் உள்ள வீட்டில் எல்லாவற்றையும் ஆள் வைத்து முடிக்கிறார்கள். விருந்து முடிந்த இடத்தில் பிளாஸ்டிக் குவளைகளும் பாதி குடித்த தண்ணீர்ப் புட்டிகளும் உண்ணாத சோறும் மூட்டையாகக் கட்டப்பட்டு, ஊருக்கு வெளியே ஓடைக்கரையில் கொட்டப்படுகின்றன. பணம் இல்லாத வீட்டில் எல்லாம் பெண்கள் தலையில். இரண்டு வீட்டிலும் ஒன்று பொது: கடைசியில் கழுவுகிறவர் கடைசியில் உண்கிறார், சில வேளைகளில் அவருக்கு அடிச்சோறுதான் மிஞ்சுகிறது. செல்வரை அழைத்து ஏழைகளை விட்டுவிடும் வலீமா உணவே மிகக் கெட்ட உணவு என்ற கருத்தை அபூ ஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். வீட்டு வாசலுக்கு வெளியே நிற்கும் ஏழையை மட்டுமே இது குறிக்கும் என்று நாம் எண்ணியிருந்தோம். நம் கொல்லையில் குந்தியிருந்த மூதாட்டியை அது குறிக்காது என்று சொல்ல நமக்கு இப்போது துணிவில்லை.

சில நாள் கழித்து லாத்தாவிடம் போனோம். தேடிக் கண்டவற்றைச் சொன்னோம். தோல் விரிப்பையும், கற்பாத்திரத்தையும், ஹாரூனின் இப்ரீக்கையும் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அனஸ் (ரலி) பாத்திரம் எடுத்த இடம் வந்ததும் நிறுத்தினார்.

"அந்தப் புள்ளைக்கு அப்ப என்ன வயசு?"

"பதினைந்து இருக்கும், லாத்தா."

திண்ணையில் படுத்திருந்த பேரப்பிள்ளைகளையும், நம்முடைய மகனையும் ஒருமுறை பார்த்தார். "அப்ப இவங்களுக்கும் வயசு வந்துடுச்சு" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

இதன் பின் நம் குடும்பத்தில் ஒரு திருமணம் நடந்தது. முதல் பந்திக்கு முன்பே, கழுவுவதற்கென்று வந்தவர்களை உள்ளே அழைத்து அமர்த்திச் சஹன் வைத்தோம். கூலியையும் அப்போதே கொடுத்தோம். கடைசிப் பந்தி எழுந்ததும், உண்ட பிள்ளைகள் தத்தம் சஹனைத் தாமே எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார்கள். தேக்சாவைப் புரட்டிக் கழுவியவர்களுள் ஹதீஸ் பாடம் ஓதும் மாணவர்கள் இருவரும் இருந்தனர். நாம் கெண்டியை எடுத்துக்கொண்டு பந்தியோரம் நின்றோம். இஷாவுக்கு பாங்கு சொல்லும்போது முற்றம் காய்ந்து கிடந்தது. லாத்தா பாயில் அமர்ந்து, மற்றப் பெண்களோடு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

நம் வீட்டு விருந்துகளை உண்டவர்கள் மறந்துவிடலாம். பாத்திரம் எடுத்த பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். நாளை அவர்கள் சொல்லப்போகும் சாட்சி நல்லதாக அமைய வல்ல நாயன் அருள்வானாக.